காவற் கண்ணும் கண்ணியமும்

வீடும் வாயிலும் உடைய மனிதன் அவற்றைக் காக்க விரும்புதல் இயல்பே. அன்று வேலியும் படலையும், வளர்ப்பு நாயும், அயல்வீட்டு ஆச்சியின் விழிப்பும் அக்காவலைச் செய்தன. இன்று கல்கிசையிலும் தெகிவளையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கண்காணிப்புக் கமராக்கள் அப்பணியை ஏற்றுக்கொண்டுள்ளன. பகலிற் பெற்றோர் அலுவலகத்திலும் பிள்ளைகள் கல்லூரியிலும் இருக்க, பூட்டிய வீடு தனித்து நிற்கும் காலம் இது. இந்நிலையிற் கமராவே வேண்டாம் என்று வாதிப்பது பேதைமை. ஆயினும் எதனைப் பார்க்க வேண்டும், எங்கிருந்து பார்க்க வேண்டும், எதனைப் பார்க்கக் கூடாது என்னும் மூன்று வினாக்களையும் எண்ணிப் பாராது, கடைக்காரர் எடுத்துத் தரும் தொகுதியை வாங்கி மாட்டிவிடுதல் அறிவுடைமையாகாது என்பதே எமது கருத்து.

வீட்டுக் காவலுக்குக் கமராவைப் பயன்படுத்தும் எண்ணம் செல்வர் மாளிகையிற் பிறந்ததன்று. நியூயோர்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிறவுண் என்னும் தாதி, வேளையல்லா வேளையில் வீட்டில் தனித்திருக்க நேர்ந்தமையால், தம் கணவருடன் சேர்ந்து அத்தகைய பொறியொன்றை வகுத்து, 1966இல் ஆக்கவுரிமை கோரினார். 1969 டிசம்பரில் அது வழங்கப்பெற்றது. கதவில் வெவ்வேறு உயரங்களில் துளைகள், அவற்றினூடே நோக்கும் கமரா, உள்ளறையிற் படம் காட்டும் திரை, வந்தவரோடு பேச ஒலிவாங்கி, கதவைத் திறக்கவும் உதவி அழைக்கவும் பொத்தான்கள் என அது அமைந்தது. அவ்வம்மையார் தெருவை வேவு பார்க்க விரும்பியவரல்லர். தம் கதவைத் தட்டுபவர் யார் என்பதை அறிவதே அவர் நாட்டம். நோக்கம் தெளிவாயிருந்தமையால் ஒரு கமராவே அவருக்குப் போதியதாயிற்று.

ஆகவே, கமரா வாங்கப் புறப்படுமுன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து அமர்தல் நன்று. வீட்டின் படத்தை வரைந்து, படலை, முன்கதவு, பின்கதவு, வாகனம் நிற்குமிடம், மதிலின் தாழ்ந்த பகுதி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் நடமாட்டத்தை அறிந்தாற் போதுமா, முகத்தையே இனங்காண வேண்டுமா என்பதையும் அருகில் எழுத வேண்டும். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஆள் ஒருவர் இருக்கிறார் என்று அறிவதற்கு, காட்சியின் ஒரு மீற்றர் அகலத்திற்கு 25 படப்புள்ளிகள் போதும். முன்பின் அறியாதவரை ஐயமற இனங்காண 250 புள்ளிகள் வேண்டும் என்பது பரவலாக வழங்கிவரும் அளவுகோல்.

நம் மாணவர் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 4 மெகாபிக்சல் கமராவின் படத்திற் கிடையாக 2560 புள்ளிகள் உள்ளன. 250ஆல் வகுத்தால், ஏறத்தாழ 10 மீற்றர் அகலமுள்ள காட்சிவரையே முகம் தெளியும். கடைகளிற் பெரும்பாலும் கிடைக்கும் 2.8 மில்லிமீற்றர் வில்லை சுமார் 100 பாகை விரிந்து நோக்குவது. எனவே 4 மீற்றருக்குச் சற்று அப்பாலேயே அவ்வகலம் நிரம்பிவிடும். 6 மில்லிமீற்றர் வில்லையோ சுமார் 50 பாகையே நோக்குவது. அது 11 மீற்றர்வரை முகங்காட்டும். விறாந்தைக்கு முன்னையதும், நீண்ட ஒழுங்கையின் முடிவிலுள்ள படலைக்குப் பின்னையதும் பொருந்தும். இதனை உணராதார், எட்டுக் கமரா மாட்டியும், களவு நிகழ்ந்த பின்னர் முகமற்ற நிழலொன்றையே திரையிற் காண்பர். கூரையுயரத்தில் மாட்டினாற் கள்வனின் தொப்பியே தெரியும். இரண்டரை முதல் மூன்று மீற்றர் உயரம் போதுமானது.

கல்கிசைக்கென்று சில இயல்புகளும் உண்டு. காலி வீதிக்கும் புகையிரதப் பாதைக்கும் அப்பால் மேற்கே கடல். மேற்கு நோக்கி வைத்த கமரா மாலைவேளையில் ஞாயிற்றின் ஒளியால் மயங்கி, வருவோரைக் கரிய உருவங்களாகவே காட்டும். ஒளியையும் நிழலையும் சமன்செய்யும் வசதியுள்ளதைத் தேர்தல் வேண்டும், அன்றேற் பக்கவாட்டிற் திருப்புதல் வேண்டும். உப்புக்காற்று திருகாணியையும் இணைப்பையும் அரிக்கும். தென்மேற்குப் பருவமழை சாரலாய் அடிக்கும். ஆதலால் தூசியும் நீரும் புகாத ஐ.பி. 66 அல்லது 67 தரமும், துருப்பிடியா ஆணிகளும், ஆறு மாதத்துக்கொருமுறை துடைக்கும் பழக்கமும் தேவை. இரவிற் பூச்சிகளை நாடி வரும் சிலந்தி வில்லையின்முன் வலை பின்னும். விளக்குமாறும் காவற் கருவிகளுள் ஒன்றென்க.

மின்சாரத்தையும் எண்ண வேண்டும். 2022இல் நாள்தோறும் பல மணிநேரம் மின் துண்டிக்கப்பட்டதை மறந்தோமல்லோம். 2025 பெப்ரவரி 9ஆம் நாள், பாணந்துறை உபமின் நிலையத்திற் குரங்கொன்று நுழைந்தமையால் நாடு முழுவதும் மின்னிழந்ததென அமைச்சர் கூறியதும் நினைவிருக்கும். இருள் சூழ்ந்த வேளையே கள்வனுக்கு உகந்த வேளையாதலால், பதிவுப் பெட்டிக்கும் கமராக்களுக்கும் மின்கலச் சேமிப்பு வழங்காத திட்டம் அரைத் திட்டமே. மின்னும் படமும் ஒரே வடத்தில் 100 மீற்றர்வரை செல்லும் முறை இதற்கு வசதியானது. பதிவின் அளவும் கணக்கிடற்பாலது. விநாடிக்கு 4 மெகாபிற் வீதம் பதியும் கமரா நாளொன்றுக்கு 43 கிகாபைற் கொள்ளும். நான்கு கமராக்களாயின், 1 ரெராபைற் வன்தட்டு ஆறு நாளுக்குள் நிரம்பிவிடும். வெளிநாடு சென்று பத்து நாளின் பின் திரும்புவோர் இதனைக் கருதுக.

அடுத்து, கடவுச்சொல். 2016இல் ‘மிராய்’ என்னும் தீநிரல், உற்பத்தியாளர் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது விடப்பட்ட கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் இலட்சக்கணக்கிற் கைப்பற்றி, அவ்வாண்டு ஒக்ரோபர் 21ஆம் நாள் பெயர்பெற்ற பல இணையத் தளங்களை முடக்கிற்று. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுவாகும். பூட்டை வாங்கித் திறப்பைப் படலையில் தொங்கவிடுவார் எவருமிலர். ஆயினும் கமராவில் அதனையே செய்கின்றோம்.

இனி, எதனைப் பார்க்கக் கூடாது என்னும் வினா. செக் நாட்டில், தம் வீட்டு யன்னல் உடைக்கப்பட்டமையால் தெருவையும் எதிர்வீட்டு வாயிலையும் பதிந்த ஒருவரின் வழக்கில், பொதுவழியைப் படம்பிடித்தல் வெறும் வீட்டுக் காரியமாகாதென ஐரோப்பிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்த்தது. அயலாரின் பேச்சைத் தொலைவிலிருந்தே கவர்ந்த வாயில்மணிக் கமரா சட்டத்தை மீறியதென ஒக்ஸ்போட் நீதிமன்றம் 2021இற் கண்டது. நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனியாள் தன் வீட்டுத் தேவைக்கென மட்டும் கையாளும் தரவைத் தன் எல்லைக்குப் புறத்தே நிறுத்தியுள்ளது. தொடர்மாடியின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் தனியாளன்று; மின்தூக்கியிலும் நடைவழியிலும் கமரா வைக்கும் அது, பதிவை யார் பார்ப்பார், எத்தனை நாள் வைத்திருப்பார் என்பதை எழுத்தில் வரையறுத்தல் கடமை. தனி வீட்டினருக்கோ சட்டம் வாளாவிருக்கும் இடத்தில் மனச்சாட்சி பேசவேண்டும்.

இது நம்மவர்க்குப் புத்தகப் பிரச்சினையன்று. போர்க்காலத்தில் தலைநகர் வந்த தமிழர், எவ்வூர், எதற்கு வந்தீர், எத்தனை நாள் என்னும் வினாக்களுக்கு விடைகூறிப் பொலிசிற் பதிந்தே வாழ்ந்தனர். 2007 ஜூன் 7ஆம் நாள், விடுதிகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டதையும், மறுநாள் உயர் நீதிமன்றம் அச்செயலைத் தடுத்ததையும் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் மறக்கமாட்டா. நோக்கப்படுவோனின் நெஞ்சு எவ்வாறு வேகும் என்பதை அறிந்த சமூகம், அயலான் யன்னலையும் பணிப்பெண் உண்ணும் இடத்தையும் நோக்கிக் கண்ணொன்றை மாட்டலாகாது. தன் எல்லைக்குள் நோக்குக. அப்பாலுள்ளதைக் கருவியிலேயே மறைத்துவிடும் வசதி உண்டு. ஒலிப்பதிவை நிறுத்துக. பதிவைத் தன் வீட்டுப் பெட்டியிலேயே வைத்துக்கொள்க. வாயிலில் ஓர் அறிவிப்பும் இடுக.

மற்றுமொன்று. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் நம் பழைய மாணவர் பலர், இங்கு தனித்திருக்கும் தாய் தந்தையரைக் கைத்தொலைபேசித் திரையிற் பார்த்து ஆறுதல் கொள்கின்றனர். விழுந்தாற் தெரியுமே என்னும் கவலை நியாயமானது. ஆயினும் அம்மையப்பரின் இசைவைக் கேட்டபின்பே கூடத்திற் கமரா வைத்தல் முறை. படுக்கையறையில் வைத்தல் எஞ்ஞான்றும் முறையன்று. பார்த்தோம் என்பதால் நாளாந்தப் பேச்சைக் குறைத்தல் அதனினும் முறையன்று. கமரா அவர்களைக் காட்டுமேயன்றி, ‘சாப்பிட்டீர்களா?’ என்று கேட்கமாட்டாது.

காவற் கண்ணின் எல்லையையும் அறிந்து கொள்வோம். 2019 ஏப்ரல் 21ஆம் நாள், கட்டுவாப்பிட்டித் தேவாலயத்திலும் கொழும்பு விடுதியிலும் கமராக்கள் கொலைஞரைக் கண்டன. பின்னர் விசாரணைக்கு உதவின. உயிர்களைக் காக்க அவற்றால் இயலவில்லை. கல்கிசையில் 1806இல் மாளிகை எழுப்பிய ஆளுநர் மேயிற்லண்ட், தம் காதலியைக் காணச் சுரங்கவழி வைத்திருந்தாரென ஊர்க்கதை கூறும். காவலர் நிறைந்த மாளிகைக்கும் ஒரு புறவழி இருந்ததென்பதே அக்கதையின் பொருள். நல்ல பூட்டு, நல்ல விளக்கு, நல்லயல் ஆகிய மூன்றும் முதலில், கமரா நான்காவது.

நம் கல்லூரி பொறியியலாளரையும் வழக்கறிஞரையும் நாட்டிற்கு அளித்துள்ளது. விஞ்ஞானக் கழக மாணவர் அயல் வீடுகளுக்குத் திட்டப்படம் வரைந்து கொடுக்கவும், பழைய மாணவர் அவர்க்கு வழிகாட்டவும் இந்த விழா ஆண்டிலே முன்வருவாராயின், காவலும் கண்ணியமும் ஒருங்கே வளரும் என்பது எமது துணிபு.