தடம் போட்டவர்

பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிளில் பந்தயம் ஓடுவது பைத்தியக்காரத்தனம் என்று தோன்றலாம். ஸ்பீட்வேயில் அதுதான் விதி. 500 சிசி இயந்திரம், மெத்தனால் எரிபொருள், ஒரே கியர். நால்வர் மண் தடத்தை நான்கு சுற்று சுற்றுவார்கள். வளைவில் பின் சக்கரத்தைச் சறுக்கவிட்டுத்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும்.

இந்த விளையாட்டில் டென்மார்க்கின் முதல் உலக வெற்றியாளர் ஓலே ஓல்சன். 1971இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஒருமுறை, பின்னர் 1975, 1978 ஆகிய ஆண்டுகளில் லண்டன் வெம்பிளியில் என மூன்று முறை பட்டம் வென்றார். அந்நாளில் உலக இறுதிச்சுற்று ஒரே இரவுதான். 16 பேர், 20 ஓட்டங்கள், ஆளுக்கு ஐந்து வாய்ப்பு. ஒரு வளைவில் சறுக்கினால் ஓராண்டு உழைப்பு போயிற்று.

பிழைப்புக்கு அவர் பிரிட்டனுக்குத்தான் போக வேண்டியிருந்தது. நியூகாசல், உல்வர்ஹாம்ப்டன், கவென்ட்ரி குழுக்களுக்காக ஓட்டினார். அங்கேயே இருந்து சம்பாதித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இரண்டாம் பட்டம் வென்ற அதே 1975இல், தம் நாட்டின் வோயன்ஸ் என்ற சிற்றூரில் ஸ்பீட்வே அரங்கம் ஒன்றை அமைத்தார்.

இனி, அடுத்த தலைமுறையைப் பாருங்கள். 1984 முதல் 1989 வரை ஆறு ஆண்டுகளும் தனிநபர் உலகப் பட்டம் டென்மார்க்குக்கே. எரிக் குண்டர்சனுக்கு மூன்று, ஹான்ஸ் நீல்சனுக்கு மூன்று. 1988 இறுதிச்சுற்று நடந்த இடமே வோயன்ஸ்தான். அந்த இருவரும் சமப் புள்ளிகளில் நின்று, கூடுதல் ஓட்டத்தில் குண்டர்சன் வென்றார்.

ஓர் அரங்கம் மட்டுமே இத்தனையும் செய்தது என்று சொல்வது மிகை. நீல்சனின் திறமை நீல்சனுடையது. ஆனாலும் பட்டங்களை மட்டும் எண்ணினால் நியூசிலாந்தின் ஐவன் மேஜர் ஆறு பட்டங்களோடு ஓல்சனை எளிதாக முந்திவிடுவார். அந்தக் கணக்கில் வோயன்ஸுக்கு இடமே இல்லை. எங்கள் பார்வையில் அது கணக்கின் குறை.

1983இல் ஓல்சன் ஓட்டுவதை நிறுத்தினார், தடம் போடுவதை நிறுத்தவில்லை. 2001இல் கார்டிஃப் நகரின் பெரிய ரக்பி அரங்கில் உலகப் போட்டி நடந்தபோது, அங்கே தற்காலிக மண் தடத்தை அமைத்தது அவருடைய குழுதான். பந்தயம் முடிந்ததும் அந்த மண்ணையெல்லாம் திரும்ப அள்ளிச் செல்ல வேண்டும்.