காலை அசைக்கும் இசை மட்டமானதா?

"கேட்டதும் கால் ஆடினால் அது மட்டமான இசை. உயர்ந்த இசையை அசையாமல் அமர்ந்து கேட்க வேண்டும்." இப்படிச் சொல்லும் பெரியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பறையொலி கேட்டு ஆடும் பிள்ளைகளை அதட்டுவோரும் உண்டு. இக்கருத்து சரிதானா? விஞ்ஞான நோக்கில் ஆராய்வோம்.

கச்சேரியின் முன்வரிசையைக் கவனியுங்கள். ரசிகரின் கை தொடையில் ஆதி தாளம் போடுகிறது. சும்மா இருப்பவரின் மூளையிலும், தாளம் கேட்கும்போது, உடலை இயக்கும் பகுதிகள் வேலை செய்கின்றன. 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து இரண்டு மூன்று நாட்களே ஆன குழந்தைகள் தூங்கும்போது தாளம் ஒலிக்கப்பட்டது. முதல் அடி விடுபட்டபோதெல்லாம் அவற்றின் மூளை அலைகள் மாறின. ஆகவே தாள உணர்வு பிறவியிலேயே வருவது.

அதனால் பயனும் உண்டு. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் எங்கள் திருவண்ணாமலையில் பெரிய தேர் ஓடும். நிற்கும் தேர் கிளம்ப, நிலை உராய்வை மிஞ்சும் விசை வேண்டும். ஆயிரம் பேர் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகருமா? அத்தனை கைகளையும் ஒரே கணத்தில் சேர்ப்பது தாளமே.

பறைக்கு வருவோம். மிருதங்கத்தின் வலப்பக்கம் உள்ள கருநிறப் பூச்சு அதன் மேற்சுரங்களை முழு எண் விகிதத்தில் அமைக்கிறது. சி. வி. ராமன் தம் உடனாய்வாளருடன் 1920-ல் இதை எடுத்துக் காட்டினார். பறையில் அப்பூச்சு இல்லை. மேற்சுரங்கள் அவ்வாறு இசையா. ஆனால் சுண்டுக்குச்சி பட்டதும் ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்குவதால், ஒவ்வோர் அடியும் தெளிவாகக் கேட்கிறது. பறையைத் தீயில் காய்ச்சுவது ஏன்? ஈரம் நீங்கினால் தோலின் இழுவிசை கூடும், அதிர்வெண் உயரும். கலைஞர்கள் அனுபவத்தில் கண்ட பௌதிகம் இது! இக்கருவி ஒதுக்கப்பட்ட காரணத்தை ஒலியியலில் தேடினால் கிடைக்காது. அது சாதியில் இருக்கிறது. 2025-ல் பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது, தாமதமாக வந்த நியாயம்.

அப்படியானால் ஆட வைப்பதெல்லாம் நல்ல இசையா? அதுவும் இல்லை. கனடாவில் நடந்து 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், இசை நிகழ்ச்சியின் நடுவே, காதுக்குப் புலப்படாத மிகத் தாழ்ந்த ஒலியை மாறிமாறிச் சேர்த்தும் நிறுத்தியும் பார்த்தார்கள். சேர்த்தபோது ஆட்டம் சுமார் 12 சதவீதம் கூடியது. கூட்டியது ஒலிபெருக்கி, பாடகரின் திறமைக்கு அதில் பங்கில்லை. மறுபுறம், தாளமே இல்லாத ஆலாபனை காலை அசைப்பதில்லை. ஆனாலும் கேட்பவர் கண் கலங்குகிறார்.

ஆகவே காலாட்டத்தை இசைக்கு மதிப்பெண்ணாகவும் கொள்ள வேண்டாம், குற்றமாகவும் கொள்ள வேண்டாம். நண்பர்களே, ஒரு சோதனை செய்யுங்கள். உங்களை ஆட வைத்த பாட்டை மிகத் தாழ்ந்த ஒலியில் வைத்துக் கேளுங்கள். அப்போதும் விரல் தாளம் போடுகிறதா? பத்து முறை கேட்டபின்பும் புதிதாக ஏதேனும் காதில் விழுகிறதா? ஆம் என்றால், யார் முகம் சுளித்தாலும் அது நல்ல இசைதான்.