அசையாதிருக்கவும் வசதி வேண்டும்

விக்டோரியா மகாராணியின் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் எடுக்கப்பட்ட உருவப்படங்களைப் பார்ப்பவர்கள், அக்காலத்தவர் சிரிக்கவே அறியாதவர்கள் என்று இலகுவில் முடிவு கட்டிவிடுகிறார்கள். இறுகிய முகத்துக்கும் விறைத்த முதுகுக்கும் காரணம் கமெரா. படம் பதியும்வரை எவரும் அசையக்கூடாது. சிரிப்பை அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருப்பது கடினம்.

1841 மார்ச்சில் றிச்சர்ட் பியர்ட் என்பவர் லண்டன் றீஜன்ட் வீதியில் இங்கிலாந்தின் முதலாவது உருவப்பட நிலையத்தைத் திறந்தார். கட்டடத்தின் உச்சியில், கண்ணாடிக் கூரையூடாக வந்த வெயிலே வெளிச்சம். ஒரு படத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷிலிங் அறவிடப்பட்டது. பண்ணைக் கூலியாள் ஒருவரின் வாரச் சம்பளத்தை விட அது அதிகம். பணம் மட்டும் போதாது. பகற்பொழுதும் கையில் இருக்க வேண்டும். ஆலைகளில் பெண்களினதும் இளையோரினதும் வேலையை நாளொன்றுக்கு 10 மணித்தியாலங்களாக வரையறுக்கும் சட்டம் 1847 இல்தான் நிறைவேறியது. அவர்களுக்கு ஏது பகல்?

எடின்பரோ நகரில் ஓவியர் டேவிட் ஒக்டேவியஸ் ஹில், 1843 இல் ரொபேர்ட் அடம்சனுடன் சேர்ந்து படமெடுக்கத் தொடங்கினார். அவர்களின் படங்களுள் ஒன்றில் ஹில்லும் இரு நண்பர்களும் பியர்க் குவளைகளுடன் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். ஹில்லின் முகத்தில் புன்னகை. அக்காலப் படங்களில் அரிதான காட்சி அது. அந்த மகிழ்ச்சியும் திட்டமிட்டு அமைக்கப்பட்டதுதான். ஆனாலும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். மூன்று நண்பர்கள் தாம் எவ்வாறு நினைவுகூரப்பட வேண்டும் என்பதைத் தாமே தீர்மானித்தார்கள்.

அதே இருவர் அருகிலிருந்த நியூஹேவன் மீனவக் கிராமத்துப் பெண்களையும் படமெடுத்தனர். மீனைக் கூடையில் சுமந்து நகருக்குச் சென்று விற்றவர்கள் அப்பெண்கள். படங்களில் அவர்கள் ஆறுதலாக நிற்கிறார்கள். பக்கத்தில் கூடையும் இருக்கிறது. கனவான்களின் மேசையில் குவளை. இவர்களின் அருகில் தொழிற்கருவி. ஓய்வு என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பது நியாயமா?

படத்தின் கீழ் இரண்டு வரி எழுதுவது பத்திரிகைக்காரர்களாகிய எமது அன்றாட வேலை. "விக்டோரியா கால மக்களின் ஓய்வுநேரம்" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவது சுலபம். அவ்வாறு எழுதும்போது, வசதியுள்ள சிலரின் பிற்பகலை ஒரு நாட்டின் வாழ்க்கையாக்கி விடுகிறோம். யாருடைய ஓய்வு என்பதையும் அந்த இரண்டு வரிக்குள் சொல்லிவிட வேண்டும். அதற்கு இடம் போதும்.