லாச்சியில் உள்ள பணமெல்லாம் இலாபமாகிவிடாது

சுயதொழில் முயற்சியாளர்களுக்கான ஊக்குவிப்புக் கருத்தரங்குகளுக்கு எமது பிரதேசங்களில் இன்று குறைவில்லை. பிரதேச செயலக மண்டபங்களிலும் பொதுநோக்கு மண்டபங்களிலும் அவை அடிக்கடி நடைபெறுகின்றன. 'உங்களால் முடியும்' என்று வளவாளர் உரத்துக் கூறுகின்றார், மண்டபம் கைதட்டுகின்றது, சான்றிதழ்கள் வழங்கப்பட்டுக் குழுப்படமும் எடுக்கப்படுகின்றது. ஆறு மாதங்கள் கழிந்தபின் அவ்வீடுகளுக்குச் சென்று பார்த்தால், வழங்கப்பட்ட தையல் இயந்திரங்களுள் பல துணியால் மூடப்பட்டு மூலையில் கிடக்கின்றன. சில அடகுக்கடைக்கே சென்றுவிடுகின்றன.

எம்மவரிடம் ஊக்கம் குறைவு என்பதுதான் இதற்குக் காரணமா? அவ்வாறு கூறுவோர் எமது அண்மைக்கால வரலாற்றை மறந்தவர்களாகவே இருக்க வேண்டும். 1983 ஜூலையில் கடைகள் எரிக்கப்பட்டு வெறுங்கையுடன் ஊர் திரும்பிய தமிழ் வர்த்தகர்களுள் பலர் மீண்டும் கடை திறந்தனர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளத்தின் அகதி முகாம்களிலிருந்தவாறே வியாபாரத்தை மீளத் தொடங்கினர். 2004 இல் ஆழிப்பேரலை அள்ளிச்சென்ற கிழக்குக் கரையில், அலை வற்றிய சில வாரங்களிலேயே தகரக் கொட்டில்களில் பலசரக்குக் கடைகள் முளைத்தன. இத்தகைய மக்களுக்கு ஊக்கத்தைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அவர்களிடம் குறைவாக இருப்பது வேறொன்று. நாளாந்தம் கணக்கெழுதும் பழக்கமே அது என்பது எமது கருத்தாகும்.

இவ்விடயம் ஒரு சில குடும்பங்களின் தனிப்பட்ட பிரச்சினை அன்று. நாட்டின் தொழில் முயற்சிகளுள் 75 சதவீதத்துக்கும் அதிகமானவை சிறிய, நடுத்தர முயற்சிகளே எனவும், தொழில்வாய்ப்பில் 45 சதவீதமும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 52 சதவீதமும் அவற்றினூடாகவே கிடைக்கின்றன எனவும் 2016 இல் வெளியிடப்பட்ட தேசிய கொள்கைச் சட்டகம் குறிப்பிட்டது. பெருந்தொழிற்சாலைகள் அருகிய வடக்கிலும் கிழக்கிலும் இம்முயற்சிகளின் மீதான தங்குதல் இன்னும் அதிகம் என்பதை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

இம்முயற்சிகள் கடந்து வந்த பாதையும் இலகுவானதன்று. 2020 இன் பெருந்தொற்று முடக்கத்திலிருந்து எழும்ப முன்னரே 2022 இன் பொருளாதார வீழ்ச்சி வந்து சேர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படியான பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. மின்கட்டணம் 2022 ஆகஸ்ட்டில் சராசரியாக 75 சதவீதத்தாலும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதத்தாலும் ஏறியது. 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 சதவீதமாகியது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி எஞ்சியிருந்தவற்றையும் பல இடங்களில் வெள்ளத்தில் கொண்டுசென்றது.

இவ்வளவு அடிகளையும் தாங்கி நின்ற சிறு கடைகளும் உள்ளன. ஒரே அடியில் சாய்ந்தவையும் உள்ளன. முதலின் அளவும் அதிர்ஷ்டமும் இவ்வேறுபாட்டில் பங்குவகித்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தமது உண்மையான இலாபம் எவ்வளவு என்பதை அறிந்திருந்தவர்கள், விலை ஏறிய நாளிலேயே தமது விலையை மாற்றினர்; கடன் விற்பனையை நிறுத்தினர்; நட்டந்தரும் பொருளைக் கைவிட்டனர். அதனை அறியாதவர்கள், லாச்சியில் பணம் புழங்கியவரை வியாபாரம் நன்றாக நடப்பதாகவே எண்ணியிருந்தனர். முதல் கரைந்துவிட்டதை அவர்கள் உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். இடியப்பமும் பிட்டும் செய்து கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு தாயின் நாளாந்த விற்பனை 10,000 ரூபா என வைத்துக்கொள்வோம். மா, தேங்காய், எரிவாயு, போக்குவரத்து ஆகியவற்றுக்கு 7,000 ரூபா செலவாகின்றது. இலாபம் எவ்வளவு என்று கேட்டால், 3,000 ரூபா என்று அவர் தயங்காமல் கூறுவார். ஆனால் அவரும் மகளும் அதிகாலை 3 மணிக்கு எழுந்து உழைக்கின்றனர். அவ்வுழைப்புக்குத் தலா 1,000 ரூபா கூலி என்று மிகக் குறைவாகக் கணித்தாலும் 2,000 ரூபா கழிகின்றது. மா அரைக்கும் இயந்திரத்தின் தேய்மானத்துக்கும் பெற்ற கடனின் வட்டிக்குமாக 800 ரூபாவைக் கழித்தால் எஞ்சுவது 200 ரூபா. அன்றைய விற்பனையில் 1,500 ரூபா கொப்பியில் எழுதப்பட்ட கடன். அதில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வராவிட்டால் 300 ரூபா போய்விடும். ஆக, 3,000 ரூபா இலாபம் என்று நம்பப்பட்ட தொழில் நாளொன்றுக்கு 100 ரூபா நட்டத்தில் நடைபெறுகின்றது!

இந்நிலையில் அத்தாய்க்கு ஊக்கமூட்டி, மேலும் கடன் கொடுத்து, உற்பத்தியை இரு மடங்காக்குமாறு கூறினால் என்ன நிகழும்? இதே கணக்கின்படி நட்டமும் இரு மடங்காகும். கணக்கில்லாத ஊக்கம் ஆபத்தானது என நாம் கூறுவது இதனாலேயே ஆகும். மாறாக, கடன் விற்பனையை 500 ரூபாவுக்குள் கட்டுப்படுத்தினாலே அவர் நட்டத்திலிருந்து மீண்டுவிடுவார். அதற்கு எந்த நிறுவனத்தின் உதவியும் தேவையில்லை. 40 பக்கக் கொப்பி ஒன்று போதுமானது.

கடன் தொடர்பாகவும் இதே தெளிவு அவசியம். 2009 இல் யுத்தம் முடிவடைந்து பாதைகள் திறந்தபோது, நிதி நிறுவனங்களும் குத்தகை நிறுவனங்களும் நுண்கடன் வழங்குநர்களும் போட்டியிட்டுக்கொண்டு வடக்கு, கிழக்கின் கிராமங்களுக்குள் நுழைந்தனர். அதன் விளைவை 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி பதிவு செய்தார். சில நுண்கடன்களுக்கு ஆண்டுக்கு 220 சதவீதம் வரை வட்டி அறவிடப்பட்டமையை அவர் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்களே இதில் அதிகம் நசுங்கினர்.

குறைந்த வட்டி என்று கூறப்படுவதிலும் பொறி உண்டு. ஓர் இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு 24 சதவீத நிலையான வட்டியில் பெற்று 12 மாதத் தவணைகளில் செலுத்துபவர் மொத்தமாக 124,000 ரூபா கட்டுகின்றார். வட்டி 24 சதவீதம் என்றே அவர் எண்ணுகின்றார். ஆனால் மாதந்தோறும் முதலின் ஒரு பகுதியையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருவதால், ஆண்டு முழுவதும் ஓர் இலட்சம் ரூபா அவரது கையில் இருப்பதில்லை. குறைந்து செல்லும் மீதியின் மீது கணித்தால் உண்மையான வட்டி 40 சதவீதத்தையும் தாண்டுகின்றது. அக்கடனால் வாங்கும் பொருள் அதைவிட அதிகமாக உழைத்துத் தருமா என்பதே கையெழுத்திடுமுன் கேட்க வேண்டிய கேள்வி. கலியாணத்துக்கோ வீட்டுக் கூரைக்கோ செலவாகும் தொழிற்கடன் எதையும் உழைத்துத் தரப்போவதில்லை.

கணக்கெழுதுவது எமக்குப் புதிய பழக்கமும் அன்று. தென்னிலங்கையின் சந்திகளிலெல்லாம் ஒரு காலத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து வர்த்தகர்கள், நாளேடும் பேரேடும் எழுதி ஆண்டிறுதியில் ஐந்தொகை பார்த்தவர்கள். முஸ்லிம் வர்த்தகர்கள் ஆண்டுக்கொருமுறை கையிருப்பையும் வரவேண்டிய கடனையும் மதிப்பிட்டே இரண்டரை சதவீத ஸக்காத்தைக் கணிக்கின்றனர். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிப்பதே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகும். வருவாயின் அளவறிந்து செலவிடுவதை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். நவராத்திரியில் கணக்கேட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கும் நாம், மறுநாளிலிருந்து அதில் எழுதுவதை மட்டும் மறந்துவிடுகின்றோம்.

இதற்கான காரணம் சோம்பல் மட்டுமன்று. கடையும் வீடும் ஒன்றே என்ற எண்ணம் எம்மிடையே ஊறிப்போயுள்ளது. பிள்ளையின் பள்ளிச் செலவும் உறவினரின் சடங்கும் விருந்தினரின் சோடாவும் ஒரே லாச்சியிலிருந்தே செல்கின்றன. சொந்தக்காரரிடம் கடனைக் கேட்பது முகத்துக்கு அழகில்லை என்று விட்டுவிடுகின்றோம். ஆகவே முதலில் மாற வேண்டியது இம்மனப்பாங்கே. உரிமையாளர் தமக்கென ஒரு சம்பளத்தை நிர்ணயித்து, அதற்குமேல் லாச்சியில் கைவைக்காதிருத்தல் வேண்டும். கடன் கொடுப்பதாயின் அதற்கு எல்லை வகுத்து, அவ்வெல்லை உறவினருக்கும் பொருந்தும் எனக் கூறத் துணிதல் வேண்டும். நல்ல மாதங்களில் சிறு தொகையை ஒதுக்கி, மூன்று மாதச் செலவுக்கேனும் கையிருப்பைச் சேர்த்தல் வேண்டும். இருக்கும் உற்பத்தி முழுவதும் விற்று, வாங்க வந்தவர் வெறுங்கையுடன் திரும்பிய பின்னரே விரிவாக்கம் பற்றிச் சிந்தித்தல் வேண்டும்.

அதேவேளை, முழுப் பொறுப்பையும் சிறு முயற்சியாளரின் தலையில் ஏற்றிவிட்டு அதிகாரத்தில் உள்ளோர் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. யுத்தத்தின் பின்னர் ஒரே கிராமத்தில் அனைவருக்கும் கோழிகளையும், அடுத்த கிராமத்தில் அனைவருக்கும் தையல் இயந்திரங்களையும் வழங்கியவர்கள், அவற்றுக்குச் சந்தை எங்கே என்று கேட்கவில்லை. வழங்கப்பட்ட இயந்திரங்களின் எண்ணிக்கையை அறிக்கையிடுவதை விடுத்து, இரண்டு ஆண்டுகளின் பின்னரும் இயங்குபவை எத்தனை என்பதை அளவிடும் முறை வேண்டும். காணி உறுதியை மட்டும் பார்த்துக் கடன் வழங்கும் வங்கிகள், ஒழுங்காக எழுதப்பட்ட கணக்கேட்டையும் ஒரு பிணையாக மதிக்க முன்வர வேண்டும். ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் செல்லாமலே ஏலமிட வங்கிகளுக்கு இடமளிக்கும் 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் 2024 இல் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டமை மூச்சுவிட அவகாசமளித்தது. ஆனால் தற்காலிக அவகாசம் தீர்வாகிவிடாது. எளிய கணக்கியலைத் தமிழில் கற்பித்து, ஓராண்டேனும் கூடவே நின்று வழிகாட்டும் ஏற்பாடே நீடித்த பயனைத் தரும்.

இன்னொன்றையும் குறிப்பிட விரும்புகின்றோம். கிழக்கில் தமிழ் விவசாயியின் நெல் முஸ்லிம் ஆலையில் அரிசியாகின்றது. மருதமுனையின் கைத்தறிச் சேலை தமிழ்ப் பெண்களாலும் விரும்பி வாங்கப்படுகின்றது. சந்தைக்கு இனச்சாயம் பூசப்பட்ட போதெல்லாம் இரு பக்கத்திலும் முதலில் பட்டினி கிடந்தது சிறு வியாபாரியின் குடும்பமே. எவரிடம் வாங்கக்கூடாது என்று கூறுபவர், அக்கடையின் கடன்கொப்பியை ஒருபோதும் பார்த்திராதவர்.

கருத்தரங்கு மண்டபத்தின் கைதட்டல் அன்று மாலையே ஓய்ந்துவிடும். இன்றிரவு கடையைப் பூட்டுமுன், விற்றது எவ்வளவு, செலவானது எவ்வளவு, கடனாகப் போனது எவ்வளவு என்று மூன்று வரிகளை எழுதினால், நாளைக் காலை எந்த விலையில் விற்பது என்பதை முயற்சியாளர் தாமே தீர்மானிக்க முடியும். அத்தீர்மானத்திலிருந்து பிறக்கும் நம்பிக்கையே நிலைத்து நிற்கும்.