கைவிடப்பட்ட நகரில் வாழ்ந்தவர் யார்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆலைப்புகையும் இரயில்பாதையும் ஐரோப்பாவை ஆட்கொண்டபோது, குறியீட்டு ஓவியர்கள் மறைபொருளை நாடினர். ஆகவே அவர்தம் கலை ஆன்மிகத்தின் புகலிடம் என்பர், கலையார்வம் மிக்க நம்மவர் சிலர். இதனை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை.

பெல்ஜிய ஓவியர் ஃபெர்னான் க்னோப்ஃப் 1904இல் வரைந்த 'கைவிடப்பட்ட நகரம்' ஓவியத்தைக் காண்போம். அவர் குழந்தைப் பருவத்தைக் கழித்த புரூஜ் நகரின் சதுக்கம் அது. கதவுகள் மூடிக்கிடக்கின்றன. அங்கு நின்ற ஹான்ஸ் மெம்லிங்கின் சிலை மறைந்து, பீடம் மட்டும் எஞ்சியுள்ளது. கடல்நீர் வாசலை நோக்கி ஊர்ந்து வருகிறது. மனிதர் ஒருவரும் இல்லை. அதன் அழகையும் துயரையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்நகரம் உண்மையில் கைவிடப்பட்டதா?

இல்லை. கடற்கழி மணல்மேடிட்டு வணிகம் நலிந்தது, வறுமை சூழ்ந்தது. ஆயினும் அங்கே லேஸ் பின்னிப் பிழைத்த பெண்கள் இருந்தனர். நகரைக் கடலோடு மீண்டும் இணைக்கும் துறைமுகத்தை நகரத்தார் பலர் விரும்பினர். 1907இல் அது திறக்கப்பட்டது. பாரிசில் வாழ்ந்துகொண்டு, 1892இல் 'இறந்துபோன புரூஜ்' என்று நாவல் எழுதிய ஜோர்ஜ் ரோடன்பாக்கோ அத்திட்டத்தை எதிர்த்தார். வாழத் துடித்தவர்களைப் பார்த்து, 'நீங்கள் இறந்தவர்களாகவே இருங்கள்' என்பதற்கு இது ஒப்பாகாதா? விந்தை யாதெனில், பழமைக்கு ஏங்கிய அந்நாவலை அணிசெய்தவை நவீனத்தின் கருவியான ஒளிப்படங்களே!

அந்நாவலுக்கு ஓராண்டு முன்னர், 1891இல், திருத்தந்தை 13ஆம் லியோ தொழிலாளர் நிலைபற்றிச் சுற்றுமடல் வரைந்தார். 'புதியவை' என்னும் பொருள்படும் சொற்களில் அது தொடங்குகிறது. புதிய காலத்தின் புண்களை அவர் கண்திறந்து நோக்கினார். கண்மூடிக் கனவு காணவில்லை.

ஓவியன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பவன் அல்லன் என்பர். சரியே, கனவு காண அவனுக்கு உரிமையுண்டு. அக்கனவையே ஆன்மிகம் என நாம் போற்றும்போதுதான் பிழை நேர்கிறது. ஏக்கம் வேறு, நினைவு வேறு. ஆண்டவரின் விண்ணேற்ற நாளில் புரூஜ் மக்கள் இன்றும் திரு இரத்தப் பவனி செல்கின்றனர், அது நினைவு. ரோடன்பாக்கின் நாவலில் அப்பவனி ஒரு கொலைக்குப் பின்புலமாகிறது. அது ஏக்கத்தின் முடிவு. நற்கருணையில் நாம் கொண்டாடும் நினைவு, நம்மைப் பிறரிடம் அனுப்புகிறது. ஏக்கமோ பிறரை நம் பார்வையிலிருந்தே அகற்றிவிடுகிறது.

ஆகவே அன்பர்களே, அவ்வோவியத்தின் அமைதியில் உள்ளம் உருகும்போது ஒன்றைக் கேட்போம்: மூடிய அக்கதவுகளுக்குப் பின்னால் பசித்திருந்தவர் யார்?