கிணற்றை மூடாதீர்கள், போர்டிகோவை நகர்த்துங்கள்

கேள்வி: ‘மதுராந்தகம் பக்கம் எங்கள் ஊர். பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு, 1,000 சதுர அடியில் தளம் போட்ட வீடு கட்டப்போகிறோம். வாசலில் தாத்தா வெட்டிய கிணறு இருக்கிறது. 10 அடி அகலம், 35 அடி ஆழம். போர் போட்ட பிறகு அதில் யாரும் இறைப்பதில்லை. கோடையில் வறண்டுவிடும். அதைத் தூர்த்து மேலே போர்டிகோ போட்டுவிடலாம் என்கிறார் மேஸ்திரி. மயிலாப்பூரில் இருக்கும் என் மைத்துனர், கிணற்றை மூடினால் பிறகு வருத்தப்படுவீர்கள் என்கிறார். அடுத்த மாதம் அஸ்திவாரம் தோண்ட வேண்டும். என்ன செய்யலாம் ஐயா?’

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வதைக் கேளுங்கள். அவர் இருக்கும் ஊர் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்த ஊர்.

மயிலாப்பூர், அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் ஒரு காலத்தில் தனி வீடு என்றால் பின்கட்டில் கிணறு இருக்கும். வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுந்தபோது பல கிணறுகள் தூர்ந்தன. கார் நிறுத்த ஒரு இடம் கிடைத்தது என்று பார்த்தார்கள். அதன் பிறகு ஆளுக்கொரு போர் போட்டு உறிஞ்சினார்கள். கடலோரமாக இருப்பதால், நல்ல தண்ணீர் இறங்க இறங்க உப்புத் தண்ணீர் உள்ளே வந்தது. இத்தனைக்கும் சென்னைக்கு ஆண்டில் சராசரியாக 1,400 மி.மீ. அளவுக்கு மழை உண்டு. நம் மாநிலத்தில் பல மாவட்டங்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. பெய்த மழையெல்லாம் தெருவில் ஓடிக் கடலுக்குப் போனது.

2002-ல் மயிலாப்பூரை ஒட்டிய மந்தைவெளியில் ஆகாஷ் கங்கா அறக்கட்டளை ‘ரெயின் சென்டர்’ என்று ஒரு இடத்தைத் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் பெசன்ட் நகரைச் சேர்ந்த சேகர் ராகவன். இயற்பியல் படித்தவர், வீடு வீடாகப் போய் மழைநீரைப் பற்றிப் பேசியவர். மறு ஆண்டே, 2003-ல், எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மனசு வைத்துச் செய்தவர்களுக்குக் கிணற்றில் தண்ணீர் ஏறியது, உப்பும் குறைந்தது. அதிகாரிக்குக் காட்டுவதற்காக ஒரு குழி தோண்டி, ஜல்லியும் மணலும் கொட்டி மூடி வைத்தவர்களும் நிறையப் பேர். அந்தக் குழிகள் இரண்டு மூன்று மழையிலேயே சேறு அடைத்துப்போயின. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வற்றின. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்து இறங்கியது. மூடாமல் விட்ட பழைய கிணற்றின் அருமை அப்போது பலருக்குத் தெரிந்தது.

நமக்குக் கடல் பக்கத்தில் இல்லையே என்பீர்கள். சரி, கணக்கைப் பாருங்கள். 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை என்று குறைத்தே வைத்து, ஆவியானது, சிதறியது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும், உங்கள் மாடியிலிருந்து 74,000 லிட்டர் இறங்கும். 10 அடி அகலக் கிணற்றில் ஒரு அடி உயரத் தண்ணீர் சுமார் 2,200 லிட்டர். மண்ணுக்குள் ஊறாமல் அப்படியே நிற்பதாக வைத்துக்கொண்டால், 33 அடி நிரம்பும்! உண்மையில் அப்படி நிற்காது, ஊறிப் போகும். போகட்டும். அந்தத் தண்ணீர் உங்கள் போரைச் சுற்றித்தான் நிற்கும்.

இன்னொன்று, மேஸ்திரி சொல்லாதது. தூர்த்த கிணறு லேசில் இறுகாது. மண் வருஷக்கணக்கில் அமிழ்ந்துகொண்டே இருக்கும். அதன் மேல் தூண் நின்றால் அந்தப் பக்கம் மட்டும் இறங்கி, போர்டிகோ வீட்டிலிருந்து விரிசல் விடும். போர்டிகோவை அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ நகர்த்துங்கள். காகிதத்தில் ஒரு கோடு மாற்றுவதற்குச் செலவில்லை. வாஸ்து பார்க்கிறவர்கள் வடகிழக்கு மூலையில் கிணறு இருந்தால் விசேஷம் என்பார்கள். உங்கள் கிணறு எந்த மூலையில் என்று எழுதவில்லை. எந்த மூலையில் இருந்தாலும் என் பதில் இதுதான்.

இனி வேலைக்கு வருவோம். தளம் போட்ட பிறகு அதன் மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதிக்கும்போதே, 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். வாட்டம் கிணறு இருக்கும் பக்கமாக இருக்கட்டும். 4 அங்குல பி.வி.சி. குழாய் இரண்டாவது வேண்டும், மூன்று என்றால் ஐப்பசி மழைக்குத் தாங்கும். குழாய்கள் கிணற்றடியில் ஒரு தொட்டியில் வந்து சேரட்டும். மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம் போதும். நடுவில் ஒரு குட்டைச் சுவர் வைத்தால் முதல் பாதியில் மண்ணும் சருகும் தங்கும், மறு பாதியில் கூழாங்கல் வழியாகத் தண்ணீர் தெளிந்து கிணற்றுக்குப் போகும். வருஷம் தவறாமல் ஆவணியில் தொட்டியைத் திறந்து கழுவுங்கள். சென்னையில் பல குழிகள் வீணானது கழுவாமல் விட்டதால்தான். முதல் இரண்டு மழை கிணற்றுக்குப் போகாமல் வெளியே ஓட ஒரு அடைப்பானும் வைத்துவிடுங்கள்.

நம்மவர்கள் மாடியில் மிளகாயும் உளுந்தும் காயவைப்பது வழக்கம். அது இருக்கட்டும். பூச்சிமருந்து டப்பாவும் ஸ்பிரேயரும் மட்டும் மாடிக்கு ஏறக்கூடாது. களத்துத் தண்ணீரும் மாட்டுக் கொட்டகைத் தண்ணீரும் கிணற்றுக்குள் இறங்கவே கூடாது. அவை தென்னைக்குப் போகட்டும்.

செப்டிக் டேங்க் விஷயத்தில் கறாராக இருங்கள். கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி, நிலம் சரியும் பக்கமாக அமையட்டும். உறிஞ்சு குழிக்கும் இதே கணக்குத்தான். சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, 40-க்கு 60. பாதாளச் சாக்கடை மட்டும் இல்லையென்றால், அங்கே ஒருவர் இந்த 50 அடியை எங்கே தேடுவார்? உங்களுக்குக் கொல்லை இருக்கிறது. குழாய்ச் செலவு மிச்சம் என்று கிணற்றடியிலேயே தோண்டிவிடாதீர்கள்.

கிணற்றைச் சுத்தம் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. நெடுநாள் புழங்காத கிணற்றில் யாரையும் திடீரென்று இறக்காதீர்கள். கீழே பிராணவாயு இல்லாமல் இருக்கலாம், விஷவாயு தேங்கியிருக்கலாம். விளக்கை இறக்கிப் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். காற்று ஊதும் மிஷினை நன்றாக ஓடவிட்டு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் நிற்க, அனுபவமுள்ள ஆளை இறக்குங்கள். உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்றப் பின்னால் குதிப்பவரும் போய்விடுகிறார். தீயணைப்பு நிலையத்துக்குத்தான் முதலில் போன் போக வேண்டும். வேலை முடிந்ததும் மூன்றடி கைப்பிடிச் சுவர், மேலே இரும்புக் கம்பி மூடி, அதற்கு அடியில் கொசுவலை.

வீட்டு மட்டத்துக்கும் சென்னையிலிருந்தே ஒரு பாடம் சொல்கிறேன். தி.நகர் 1920-களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்து உண்டான ஊர். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது, பார்ப்பதற்குத்தான் ஏரி இல்லை. பெருமழை பெய்தால் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வருகிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது கோட்டூர்புரத்தில் தரைத்தள வீடுகள் மூழ்கின. அப்படி வெள்ளம் வந்தால், வாய் தரையோடு தரையாக இருக்கும் சம்ப்புக்குள் சாக்கடையும் சேர்ந்து இறங்கிவிடும். சுற்றி இருப்பதெல்லாம் தண்ணீர், குடிக்க ஒரு சொம்பு இருக்காது. மதுராந்தகமும் ஏரிப் பாசன ஊர்தான். உங்கள் தெருவில் தண்ணீர் அதிகமாக ஏறிய வருஷம் எது, எந்தத் திண்ணை வரை ஏறியது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். பேஸ்மட்டம் அதற்கு ஒன்றரை அடி மேலே இருக்கட்டும். சம்ப்பின் வாயையும் அந்த உயரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள். மோட்டார் ஸ்டார்ட்டரும் மீட்டர் பெட்டியும் நெஞ்சளவு உயரத்தில் இருக்கட்டும்.

கடைசியாக, அஸ்திவாரத்துக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, அமிலகார நிலை 6-க்குக் கீழே வரக்கூடாது என்பது இந்தியத் தர விதி. உப்பு அதிகமானால் கம்பி துருப்பிடித்து, பத்துப் பதினைந்து வருஷத்தில் தளம் பொத்துப் பொத்தென்று கொட்டும். பாசன நீரைச் சோதிக்கும் நம் வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்திலேயே குளோரைடும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அறிக்கையில் மில்லி ஈக்விவலன்ட் என்று போட்டிருந்தால் 14-க்குள் இருக்க வேண்டும். போர்த் தண்ணீர் ஒரு பாட்டில், கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில், இரண்டையும் கொடுங்கள். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, வாய் வரை நிரப்பி, பெயரும் சர்வே எண்ணும் எழுதி ஒட்டி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.