ஒரு வருசம் எண்டா எத்தின மாசம்?

2024 தேர்தல் விஞ்ஞாபனத்தில் தேசிய மக்கள் சக்தி தெளிவாகத்தான் எழுதியிருந்தது. மாகாண சபைத் தேர்தல் ஒரு வருடத்துக்குள் நடக்கும், பயங்கரவாதத் தடைச் சட்டம் நீக்கப்படும், நிறைவேற்று ஜனாதிபதி முறை ஒழிக்கப்படும், புதிய அரசியலமைப்பு வரும். எங்கட கரையோரத்திலயும் கன பேர் இதை நம்பி வாக்குப் போட்டாங்க. திகாமடுல்லையின் 7 ஆசனங்களில் 4 அவர்களுக்கு. பாராளுமன்றத்தில் 225க்கு 159.

அந்த ஒரு வருடம் 2025 செப்டெம்பரோட முடிஞ்சு போச்சு. கேட்டா, எல்லை நிர்ணயம் முடியல்லையாம். இந்தக் கதை எங்களுக்குப் புதுசில்ல. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012இல். 2017 செப்டெம்பரில் அதன் காலம் முடிந்தது. அதே மாதம் பாராளுமன்றம் தேர்தல் முறையை மாற்றியது. எங்கட முஸ்லிம் கட்சிகளும் கை உயர்த்தின. மறுகா 2018 ஓகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139, ஆதரவாக ஒண்டுமே இல்ல. கொண்டு வந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! பழைய விகிதாசார முறைக்குத் திரும்ப ஒரு சின்னத் திருத்தச் சட்டம் போதும், அதுக்குச் சாதாரண பெரும்பான்மை போதும். 159 பேரை வச்சிருக்கிறவங்களுக்கு அதில என்ன கஷ்டம்? மனமில்ல, அவ்வளவுதான்.

கல்முனையின் நிலைமை இன்னும் மோசம். 2025 மே 6இல் நாட்டில் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தது, கல்முனை மாநகர சபைக்கு நடக்கல்ல. வழக்கு எண்டாங்க. அந்த வழக்குக்குப் பின்னால இருக்கிறது சாய்ந்தமருது சபைக் கதை. 2020 பெப்ரவரியில் வர்த்தமானி போட்டு, சில நாளிலேயே அதை நிறுத்தி வச்சது யார்? கொழும்புதான். 2023 மார்ச்சோட மாநகர சபையின் காலமும் முடிஞ்சுது. வடிகான் அடைச்சா, தெரு லைட் எரியாட்டி, நாம வாக்குப் போட்டு அனுப்பின ஒருத்தரிட்டப் போய்ச் சண்டை பிடிக்க வழியில்ல.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் எண்டு வந்தது. தமிழில் கவிதைப் புத்தகம் போட்ட அஹ்னாஃப் ஜஸீமை 2020 மேயில் பிடிச்சு, 2021 டிசம்பர் வரை அடைச்சு வச்சாங்க. 2023இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அது பழைய ஆட்சி எண்டு சொல்லலாம். 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிரா ஸ்டிக்கர் ஒட்டின இளைஞனை இதே சட்டத்தில் பிடிச்சது எந்த ஆட்சி? இப்ப, பதிலுக்கு வேற சட்டம் வந்தாத்தான் இதை எடுப்பாங்களாம். விஞ்ஞாபனத்தில் இருந்தது நீக்குவோம் எண்டு மட்டும்தான்.

கொஞ்சம் பொறுங்க தம்பிமாரே, இவங்களையும் ஏசினா பழையவங்க வந்திருவாங்க எண்டு எங்கட மூத்தவங்க சொல்றாங்க. சந்திரிகா 1994இல் ஜனாதிபதி முறையை ஒழிப்பதாகச் சொன்னார், மைத்திரிபாலவும் 2015இல் சொன்னார். அப்பவும் நம்மட ஊர்கள் பொறுத்துத்தான் இருந்தன. பழையவங்க திரும்பி வந்தது யாரும் கேள்வி கேட்டதால இல்லயே!

திகாமடுல்லையின் நாலு எம்பீமாரும் கல்முனைக்கு வரட்டும். மாகாண சபைத் தேர்தலுக்கு ஒரு திகதி, மாநகர சபைத் தேர்தலுக்கு ஒரு திகதி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கும் பிரேரணைக்கு ஒரு திகதி. மூண்டையும் எழுத்தில தரட்டும்.